மோட்டார் ஓடும் நேரத்தில் அணைத்து வைத்த பிரிட்ஜ்

நம்முடைய மெக்கானிக் வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என்னை ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். காஸ் ஏற்றுவது, கம்ப்ரஸர் மாற்றுவது எல்லாம் இப்போது போனிலேயே வீடியோவாகக் கிடைக்கிறது. என்னைவிட அந்த வீடியோக்காரன் பொறுமையாகவும் சொல்கிறான். எனக்குப் பொறுமை கிடையாது, அது என்னிடம் ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் தொழில்நுட்பத்தை விட்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி நீங்கள் மட்டமாக நினைத்தாலும் பரவாயில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்தேன். கடையை மூடி இரண்டு வருஷமாகிறது. நான் ஆரம்பித்த காலத்தில் ஒரு கிராமத்துக்கு ஒரு பிரிட்ஜ் இருந்தால் அதிகம். இன்றைக்குச் சீர் வரிசையில் கட்டில், பீரோவோடு பிரிட்ஜும் வந்து இறங்கிவிடுகிறது. கதவைத் திறந்தால் என்னவெல்லாம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மல்லிப்பூ, இட்லி மாவு, பாதித் தேங்காய், மூடாமல் வைத்த சாம்பார், சர்க்கரை வியாதிக்காரரின் ஊசி மருந்து, போன மாதத்துக் கேக் துண்டு. ரிப்பேர் என்று வந்தவுடன் நாம் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைக்கச் சொல்வோம். அப்புறம் பிரிட்ஜின் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எனக்கு வாலாஜாபாத்தில் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் பழக்கினார். "உள்ள கீறது வூட்டுக்காரங்களது, பின்னாடி கீறதுதான் நம்மளது" என்பார். நானும் அதையே பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

சாலவாக்கம் போகிற வழியில் ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே ஏகாம்பரம் என்று ஒரு விவசாயி. மூன்று ஏக்கர் நிலம், கிணறு, கரண்டு மோட்டார். அவர் மனைவி சரோஜா. ஒரே மகன் பிரபு, ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்டு வேலை. மருமகள் ரேவதி. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, யாழினி. பிரிட்ஜ் ரேவதி கல்யாணத்துக்கு வந்தது, ஒற்றைக் கதவு, சின்ன சைஸ். முந்தின கோடையில் அதற்குக் கம்ப்ரஸர் போய் நான்தான் புதுசு போட்டுக் கொடுத்திருந்தேன்.

அடுத்த கோடையில், சித்திரை முடிகிற சமயம், மறுபடி போன் வந்தது. பிரிட்ஜ் டக் டக் என்று அடித்துக்கொள்கிறது, ஓடவில்லை என்றார்கள். காலை பத்து மணிக்குப் போய் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய ஓல்டேஜ் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொர்ணவாரி நெற்பயிர் கழனியில் நிற்கிற நேரம். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரைக்கும் பம்புசெட்டுக்கு மூன்று பேஸ் கரண்டு விடுவார்கள். ஊரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் அந்த ஆறு மணி நேரத்தில் ஒன்றாக ஓடும். வீட்டு லைட்டெல்லாம் மங்கிப்போகும். பழைய ஸ்டெபிலைசர் முந்தின வருஷமே புகைந்து போயிருந்தது. அந்த ஓல்டேஜில் ஓட விட்டால் நான் போட்ட புதுக் கம்ப்ரஸரும் போய்விடும். போனால் "மெக்கானிக்கு போட்டது ஒரு வருஷம்கூட தாங்கல" என்று ஊரெல்லாம் பேச்சு வரும். அந்தக் கவலைதான் எனக்கு முதலில் வந்தது, மறைப்பானேன்.

"ரெண்டு நாள்ல ஸ்டெபிலைசர் கொண்டாந்து மாட்டித் தரேன். அதுவரைக்கும் மோட்டாரு ஓடற நேரத்துல இதை ஆஃப் பண்ணி வையுங்க. ஒம்போதுக்கு ஆஃப், மூணுக்கு ஆன். மறந்துடப் போறீங்க" என்றேன்.

சரோஜா அம்மாள் தலையாட்டினார். ரேவதிதான் கேட்டாள், "ஏண்ணா, அத்தினி நேரம் ஆஃப்ல இருந்தா உள்ள கீற சாப்பாடு கெட்டுப் போவாதா?"

நல்ல கேள்வி. அந்த வீட்டில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான். எனக்கு அடுத்து இரண்டு வீட்டில் வேலை காத்துக்கொண்டிருந்தது. பையை மூடிக்கொண்டே, "கதவைத் தொறக்காம இருந்தா ஒண்ணும் ஆவாதும்மா. மெஷினைக் காப்பாத்திக்கோ மொதல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் "சரிண்ணா" என்றாள்.

இரண்டு நாள் என்று சொன்னது மூன்று வாரம் ஆயிற்று. கோடை நம் தொழிலுக்கு அறுவடைக் காலம். ஒரு நாளைக்கு எட்டு வீடு, பத்து வீடு. ஸ்டெபிலைசர் வாங்கிக் கடையில் வைத்துவிட்டேன். மேல் தட்டில் அட்டைப்பெட்டியோடு இருந்தது. தினமும் அதைப் பார்ப்பேன், நாளைக்குப் போகலாம் என்று நினைப்பேன். அவர்களும் போன் பண்ணவில்லை. பிரிட்ஜ்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று இருந்துவிட்டார்கள்.

வைகாசியில் அவர்கள் ஊர் ஏரி வற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க விட்டார்கள். ஊரே ஏரியில் இறங்கிவிட்டது. கெண்டை, கெளுத்தி, விரால் என்று வீட்டுக்கு ஒரு கூடை. முன்பெல்லாம் அன்றைக்கே அக்கம்பக்கம் கொடுத்து, மிச்சத்தைக் காயவைத்துக் கருவாடாக்குவார்கள். இப்போதுதான் பிரிட்ஜ் இருக்கிறதே. கழுவின மீனைப் பெரிய பெரிய கவரில் கட்டி, ஏகாம்பரம் வீட்டு பிரிட்ஜில் ஐஸ் உறைகிற மேல் பெட்டியில் கை நுழைய இடமில்லாமல் அடைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஒரு பெரிய சட்டி நிறைய குழம்பும் வைத்தார்கள். சாப்பிட்டது போக மிச்சத்தை அப்படியே சட்டியோடு பிரிட்ஜில் ஏற்றிவிட்டார்கள்.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மீன் குழம்பை இரண்டு வேளையும் கொதிக்க வைத்துக்கொண்டே இருப்பார்கள். பிரிட்ஜ் வந்த வீட்டில் அந்தப் பழக்கம் தானாக நின்றுபோய்விட்டது. ஜில்லென்று இருக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டு பிரிட்ஜோ பச்சை மீனைக் குளிர வைக்கவே ராத்திரியெல்லாம் திணறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரேவதி நான் சொன்னபடி ஆஃப் பண்ணினாள். மூன்று மணிக்குப் போட்டாள். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மறுபடி ஆஃப் பண்ணினாள்.

செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு ஏகாம்பரம் கழனியிலிருந்து வந்தார். கேழ்வரகுக் களி இருந்தது. குழம்பைச் சூடு பண்ணித் தருகிறேன் என்று ரேவதி சொல்லியிருக்கிறாள். "சூடு பண்ணா ருசி பூடும், அப்பிடியே ஊத்து" என்றாராம். மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள். புளி வாசனைதான் வந்தது. அவர் நன்றாகச் சாப்பிட்டார், சரோஜா அம்மாள் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். ரேவதி எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவள். அன்று குழந்தை தூங்கி எழட்டும் என்று காத்திருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஏகாம்பரத்துக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டது. சரோஜா அம்மாளுக்கும் இருந்தது, ஆனால் அவர் இரண்டு நாளில் எழுந்துவிட்டார். ஏகாம்பரம் பல வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். உடம்பில் தண்ணீர் வற்றி, கிட்னிக்குப் போய்விட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனார்.

எனக்கு டீக்கடையில் சொன்னார்கள். "மருமவ கெட்டுப்போன மீனை ஆக்கிப் போட்டுட்டாளாம், மாமனாரு பூட்டாரு" என்றான் ஒருவன். "அவளும் புள்ளையும் மட்டும் சாப்புடலையாம்பா" என்றான் இன்னொருவன். கடைசியில் சாப்பிடலாம் என்று காத்திருந்ததே அவளுக்கு வினையாகப் போயிற்று. எந்த வீடு என்று கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். கடைக்கு வந்து மேல் தட்டில் இருந்த ஸ்டெபிலைசர் பெட்டியை எடுத்துப் பழைய சாமான்களுக்குப் பின்னால் தள்ளினேன். யாரும் என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே அதைச் செய்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் பிரபு என் கடைக்கு வந்தான். கூட அவனுடைய தாய்மாமன். மொட்டைத் தலையோடு பிரபுவைப் பார்க்கவே முடியவில்லை. கடையில் மிக்சி கொடுக்க வந்தவர் ஒருவர், வாஷிங் மெஷின் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார் ஒருவர். அவர்கள் முன்னால்தான் கேட்டான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு தெரிஞ்சிக்கினு போலாம்னு வந்தோம். மோட்டாரு ஓடற நேரமெல்லாம் பிரிட்ஜை ஆஃப் பண்ணி வையின்னு நீங்கதான் சொன்னீங்கன்னு ரேவதி சொல்லுது. சாப்பாடு கெடாதான்னு கேட்டாளாம், ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னீங்களாம். நெசமாண்ணா?"

பிள்ளைகளே, நம் தொழிலில் அவசரம் என்று நாம் சொல்வதெல்லாம் காஸ் லீக்கும் ஷார்ட் சர்க்யூட்டும்தான். அதற்கெல்லாம் கை பழகியிருக்கிறது. இப்படி ஒருவன் வந்து நின்று உண்மையா என்று கேட்கும்போது என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மிக்சிக்காரர் பார்க்கிறார், வாத்தியார் பார்க்கிறார், தாய்மாமன் ஆள் முரடு, போலீசு என்று ஏதாவது வந்தால், ஊரில் எவன் இனிமேல் வேலைக்குக் கூப்பிடுவான் என்று இத்தனையும் ஒரே மூச்சில் ஓடியது. வாய் முந்திக்கொண்டது.

"நான் எதுக்குப்பா தெனமும் ஆறு மணி நேரம் ஆஃப் பண்ண சொல்லப் போறேன்? ஓல்டேஜ் ரொம்ப கம்மியா கீறப்போ ஆஃப் பண்ணிக்கோன்னு எல்லார்க்கும் சொல்றதுதான். உள்ள மீனும் குழம்பும் வச்சிகினு யாராவது ஆஃப் பண்ண சொல்லுவாங்களா?"

தாய்மாமன் பிரபுவின் தோளைத் தட்டினார். "கேட்டுக்கினியா? அவ வாயத் தொறந்தா பொய்யி. வா போலாம்."

பிரபு கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது இன்னும் சொல்வேன் என்று எதிர்பார்த்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் "சரிண்ணா" என்று போய்விட்டான். அவர்கள் போனதும் நான் வாத்தியாரிடம் வாஷிங் மெஷின் நாளை மறுநாள் ரெடியாகிவிடும் என்று சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதுவரை அவள் கவனமில்லாமல் ஆக்கிப் போட்டவள். நான் வாயைத் திறந்த பிறகு அவள் பொய்க்காரியும் ஆகிவிட்டாள்.

ஆடி, ஆவணி எல்லாம் போயிற்று. அந்த ஊரிலிருந்து கிரைண்டர் ரிப்பேருக்கு வந்த ஒரு அம்மாளிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். "அதை ஏன் கேக்கறே நைனா" என்று ஆரம்பித்தார். "அந்த வூட்டுல ரேவதி கையால யாரும் ஒரு வாய் சாப்புடறதில்ல. மாடு பாக்கறா, கழனிக்குப் போறா, பாத்தரம் தேய்க்கறா. அடுப்பாண்ட மட்டும் வுடறதில்ல. மாமியாக்காரியே ஆக்கி, அவளே கொயந்தைக்கு ஊட்டறா. அம்மா வூட்டுக்குப் போலாம்னா அங்க அம்மா இல்ல, அண்ணிகாரிதான் கீறா. எங்க போவும் அது?"

தன் குழந்தைக்குத் தன் கையால் ஒரு வாய் ஊட்ட முடியாமல் ஒரு தாய் அந்த வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறாள். அதைச் சரிசெய்யக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அது தெரிந்தும் நான் அந்த அம்மாளின் கிரைண்டருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசியில் அந்த பிரிட்ஜே என் கடைக்கு வந்தது. லோடு ஆட்டோக்காரன் இறக்கி வைத்துவிட்டு, "இது வூட்டுல இருக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். வர வெலைக்குத் தள்ளிவுட சொன்னாரு பிரபு" என்றான். துடைக்கலாம் என்று பக்கவாட்டில் திருப்பினேன். வீட்டில் சுவரைப் பார்த்து இருந்த பக்கத்தில், பிளக் வருகிற இடத்துக்கு நேராக, தினக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருந்தது. அதில் பேனாவால் எழுதியிருந்தது: "காலை 9 ஆஃப். மதியம் 3 ஆன். நடுவில் திறக்கக் கூடாது. மெக்கானிக் அண்ணா சொன்னது." கீழே வரிசையாகக் கோடு போட்டிருந்தாள், ஒரு நாளைக்கு ஒரு கோடு. எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. இருபத்திரண்டு நாளும் நான் ஸ்டெபிலைசர் கொண்டுவருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதை அவள் வீட்டில் காட்டினாளா, தெரியாது. காட்டியிருந்தாலும் நீயே எழுதி ஒட்டிக்கொண்டாய் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. என் புத்தி அப்போதும் ஒரு ஓட்டையைத் தேடியது. ஆறு மணி நேரம் நிறுத்தியதால்தான் கெட்டது என்று எப்படித் தெரியும், மீனே சரியில்லாமல் இருந்திருக்கலாமே என்று பார்த்தேன். சரி, சோதித்துவிடலாம் என்று அந்த பிரிட்ஜையே கடையில் மாட்டினேன். மேல் பெட்டியில் மீனுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பின கவர்களை இடமில்லாமல் அடைத்தேன். முன்பக்கம் மட்டும் விரல் நுழைய இடம் விட்டு, ஏற்கெனவே உறையவைத்த ஒரு கிண்ணம் ஐஸை வைத்து, எவ்வளவு உருகுகிறது என்று தெரிய அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். வீட்டில் மீன் குழம்பு வைக்கச் சொல்லி, சட்டியோடு கொண்டுவந்து கீழே வைத்தேன். என் வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் காலை பார்த்தால் கவர்கள் வெளியே கல்லாக இருந்தன, கத்தியால் கிழித்தால் நடுவில் தண்ணீர் ஓடியது. ஒன்பதுக்கு அணைத்தேன், மூன்றுக்குப் போட்டேன். நாணயம் கிண்ணத்தில் பாதி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாளும் ஒன்பதுக்கு அணைத்து, ஏகாம்பரம் சாப்பிட்ட அதே ஒரு மணிக்குத் திறந்தேன். குழம்பில் விரலை விட்டேன். சில்லென்று இல்லை. நாம் பெட்டிக்குள் போடுகிற தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தேன், மண்பானைத் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் வித்தியாசம். வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. இந்தக் குளிரிலேயே இப்படி என்றால் வைகாசி வெயிலில் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கத் தேவையே இல்லை. மோந்து பார்த்தேன். புளி வாசனைதான் வந்தது, எனக்கே பசித்தது. சட்டியைக் கொண்டுபோய்ப் பள்ளம் தோண்டிக் கொட்டி மண்ணைப் போட்டு மூடினேன்.

அதன் பிறகு கடையை மூடுகிற வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நீங்களும் பாருங்கள். சின்ன பிரிட்ஜ் ஒரு கூடை மீனையோ கறியையோ ஒரே நாளில் உறைய வைக்காது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து, கவரைத் தட்டையாக்கி, நடுவில் காற்று போக இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். அடங்காததை அக்கம்பக்கம் கொடுத்துவிடட்டும். குழம்பைச் சட்டியோடு ஏற்றக் கூடாது. சின்னச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, ஆவி அடங்கியதும் மூடி வைக்க வேண்டும், அடுப்பு மேடையில் பொழுது முழுக்கக் கிடக்க விடக் கூடாது. வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட வேண்டும், யார் என்ன ருசி சொன்னாலும் சரி. மூக்கை நம்பக் கூடாது. மேல் பெட்டியில் ஒரு கிண்ணம் ஐஸும் அதன்மேல் ஒரு நாணயமும் எப்போதும் இருக்கட்டும். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கும்போது நாணயம் ஐஸுக்குள் போயிருந்தால், வீட்டில் ஆள் இல்லாதபோது கரண்டு நெடுநேரம் இல்லை என்று அர்த்தம். கறி, மீன், பால், சோறு எல்லாவற்றையும் மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிட வேண்டும். ஓல்டேஜ் கம்மி என்றால் ஸ்டெபிலைசரை மாட்டிவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வெளியே வாருங்கள். கையில் ஸ்டெபிலைசர் இல்லையென்றால் பிரிட்ஜைக் காலி பண்ணச் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். "ஒண்ணும் ஆவாது" என்ற வார்த்தை நம் வாயில் ரொம்ப லேசாக வருகிறது.

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். காலண்டர் தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சரோஜா அம்மாள் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். குழந்தை பக்கத்தில் தோலை அள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. பிரபு ஷிப்டு முடிந்து வந்து குளித்துவிட்டு நின்றான். ரேவதி மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"பிரபு, அன்னிக்கு நான் பொய் சொன்னேம்பா. ரேவதி சொன்னதுதான் நெசம். ஆஃப் பண்ண சொன்னது நான். சாப்பாடு கெடாதான்னு கேட்டுச்சு, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னதும் நான். ரெண்டு நாள்ல ஸ்டெபிலைசர் கொண்டாறேன்னு சொல்லிட்டு கொண்டாரல. உங்க அப்பா செத்ததுக்குக் காரணம் நான்தான், ரேவதி இல்ல."

தாளை எடுத்துக் கொடுத்தேன். அவன் படித்தான். கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"அன்னிக்கே ஏண்ணா சொல்லல?" என்றான்.

"பயந்துட்டேன்."

சரோஜா அம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பாவி, இன்னா காரியம் பண்ணிட்டே! என் வூட்டுக்காரனையும் கொன்னுட்டு, இத்தினி மாசமா என் வாயால அவளை இன்னா இன்னா பேச வச்சிட்டே! நீ நல்லா இருப்பியா?" மண்ணை வாரித் தூற்றினார். என் சட்டையெல்லாம் மண். துடைக்காமல் நின்றேன். அழுது ஓய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். ரேவதி கொட்டகை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் சரோஜா அம்மாள் அவள் பக்கம் பார்க்காமலே, "போ, கையக் கழுவிகினு எல்லாருக்கும் டீ போடு" என்றார்.

ரேவதி நகரவில்லை. சரியாகத்தான் கேட்டோமா என்று பிரபுவைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், முழங்கை வரைக்கும் கழுவினாள். உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. தாமதமானாலும் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தட்டில் மூன்று டம்ளர் டீயும் குழந்தைக்கு ஒரு சின்ன டம்ளரில் பாலும் கொண்டுவந்தாள். நான் வாங்கிக் குடித்தேன். பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். சரோஜா அம்மாள் டம்ளரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஒரு வாய் குடித்தார். ரேவதி குழந்தை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பாலை நீட்டினாள்.

யாழினி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாணாம். நீ குடுத்தா துன்னக் கூடாது. தாத்தா மாரி செத்துடுவேன்."

சரோஜா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "குடி கண்ணு, ஆயா சொல்றேன் இல்ல, குடி" என்றார். குழந்தை அவருடைய புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ரேவதி அந்தப் பாலில் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். "பாரு, அம்மா குடிச்சிட்டேன், ஒண்ணும் ஆவல பாரு" என்றாள். குழந்தை தலையை ஆட்டி ஆட்டி மறுத்தது, அப்புறம் பயந்து அழ ஆரம்பித்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ரேவதி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"நீங்க கெளம்புங்கண்ணா" என்றாள். "இதை நான் பாத்துக்கறேன்."

நான் வண்டியை எடுக்கும்போதும் அவள் அந்த டம்ளரை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.